ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்: ரொம்ப நாள் யூஸ் பண்ணிட்டு எழுதறேன், ஆப்பை விடுங்க, முதல்ல வயரைப் பாருங்க

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டி வருஷக்கணக்கா ஆச்சு, ஹீட்டிங் சீசன் ஏசி சீசன் ரெண்டையும் திரும்பத் திரும்ப பார்த்தாச்சு, அதனால இப்போ எழுதினாத்தான் யாருக்காவது உருப்படியா பயன்படும்னு தோணுது. மாட்டின முதல் வாரத்துல எழுதற ரிவியூ எல்லாம் ஸ்க்ரீன் அழகா இருக்கு, ஆப் வேகமா இருக்குங்கறதோட முடிஞ்சுடும். ஆனா சென்ட்ரல் ஹீட்டிங் கூலிங் இருக்கற வீட்டுல ஃபர்னஸ் (வீட்டுக்கு சூடு காத்து அனுப்பற மெஷின்), ஏசி கம்ப்ரசர், ஃபேன் எல்லாம் எப்போ ஓடணும் எப்போ நிக்கணும்னு சொல்றது இந்த ஒரு பெட்டிதான், அது தப்பா சொன்னா வீடே அவஸ்தைப்படும்.

வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பிராண்டுல ஆரம்பிப்பாங்க, நெஸ்டா ஈகோபியா ஹனிவெலான்னு. அதுக்கு முன்னாடி பழைய தெர்மோஸ்டாட்டோட மூடியை லேசா இழுத்துக் கழட்டிப் பாருங்க. உள்ள மெல்லிசா கலர் கலரா வயர் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு எழுத்துக்கு நேரா மாட்டியிருக்கும். ஆர்-ங்கறது 24 வோல்ட் பவர் வர்ற வயர், டபிள்யூ ஹீட்டிங், ஒய் கூலிங், ஜி ஃபேன், சி-ங்கறது காமன், அதாவது கரன்ட் திரும்பிப் போற வழி. இதுல கலரை நம்பவே நம்பாதீங்க, எந்த வயர் எந்த எழுத்துல மாட்டியிருக்குங்கறதுதான் கணக்கு, முன்னாடி வேலை செஞ்சவர் கையில கிடைச்ச கலரை மாட்டிட்டுப் போயிருப்பார். மூடியைத் திறந்தா மெல்லிசு வயருக்கு பதிலா தடியா ரெண்டு இல்லன்னா நாலு வயர் மட்டும், நுனியில தொப்பி போட்டு முறுக்கி இருந்துச்சுன்னா அப்படியே மூடிடுங்க, அது 120 இல்லன்னா 240 வோல்ட், பேஸ்போர்டு ஹீட்டருக்கு, அதாவது சுவத்தோரமா தரைகிட்ட இருக்கற கரன்ட் ஹீட்டருக்கு நேரடியா போற லைன். கடையில விக்கற முக்கால்வாசி ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் 24 வோல்ட்டுக்குத்தான், அந்த லைன்ல மாட்டினா புகைஞ்சு போகும். அதுக்குன்னே மைசா மாதிரி தனியா செய்றவங்க இருக்காங்க.

அடுத்தது சி வயர், இதுலதான் பாதிப் பேர் மாட்டிக்கறாங்க. பழைய தெர்மோஸ்டாட் பேட்டரியில ஓடும், இல்லன்னா வெறும் ஸ்விட்ச் மாதிரி இருக்கும், அதுக்கு காமன் தேவையே இல்ல. ஸ்மார்ட்ல வைஃபையும் ஸ்க்ரீனும் எந்நேரமும் முழிச்சிருக்கணும், அதனால நிக்காம பவர் வேணும். சி வயர் இல்லாமலும் ஓடும்னு பெட்டியில போட்டிருக்கற மாடல் என்ன பண்ணுதுன்னா, ஹீட்டிங் கூலிங் வயர் வழியா கொஞ்சம் கொஞ்சமா கரன்ட் எடுத்து உள்ள இருக்கற சின்ன பேட்டரியை சார்ஜ் பண்ணிக்குது. சில வீட்டுல இது பிரச்சனையே இல்லாம ஓடும், சில வீட்டுல அந்தக் கொஞ்ச கரன்ட்டே போதும், ஃபர்னஸுக்குள்ள இருக்கற கன்ட்ரோல் போர்டு ஏதோ சிக்னல் வருதுன்னு நெனச்சு டிக் டிக்னு ரிலே (அதுல இருக்கற ஸ்விட்ச்) அடிக்க ஆரம்பிக்கும், இல்லன்னா ஹீட்டும் ஓடாம ஏசியும் ஓடாம இருக்கற மிதமான மாசத்துல பேட்டரி இறங்கி வைஃபை கட் ஆகும். என்னைக் கேட்டா எந்த பிராண்டா இருந்தாலும் சி வயர் இல்லாம மாட்டாதீங்க.

எங்க வீட்டுல பார்த்தப்போ நாலு வயர்தான் மாட்டியிருந்துச்சு. ஆனா அந்த பிளேட்டைக் கழட்டி வயர் வர்ற ஓட்டையில டார்ச் அடிச்சுப் பார்த்தா, உள்ள ப்ரவுன் உறைக்கு மேல நீல வயர் ஒண்ணு சுருட்டி மடக்கி விட்டிருந்தாங்க, நுனிகூட சீவாம. ஃபர்னஸ் பக்கமும் அதே நீல வயர் சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. அங்க போர்டுல சி-ன்னு போட்ட ஸ்க்ரூல ஒரு நுனி, இங்க சி-ல இன்னொரு நுனி, அவ்ளோதான், பிரச்சனை தீர்ந்துச்சு. அதனால வயர் இல்லன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஓட்டைக்குள்ள பாருங்க. நிஜமாவே இல்லன்னா ஈகோபி பெட்டியில சில மாடலுக்கு பவர் எக்ஸ்டெண்டர் கிட் வரும், நெஸ்டுக்கு தனியா பவர் கனெக்டர் இருக்கு, ரெண்டுமே ஃபர்னஸ் பக்கத்துல மாட்டறது. அதுவும் வேணாம்னா பக்கத்து பிளக் பாயின்ட்ல செருகற 24 வோல்ட் அடாப்டர் இருக்கு, வயர் சுவத்துல தெரியும், ஆனா வேலை சுத்தமா நடக்கும்.

மாட்டற வேலை சின்னதுதான், ஆனா வரிசை முக்கியம். ஃபர்னஸுக்கும் ஏசிக்கும் பிரேக்கரை ஆஃப் பண்ணிடுங்க, 24 வோல்ட்தானே ஒண்ணும் ஆகாதுன்னு விடாதீங்க, ஆர் வயர் சி வயர் மேல பட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா போர்டுல இருக்கற 3 ஆம்ப் இல்லன்னா 5 ஆம்ப் ஃப்யூஸ் போயிடும், அப்புறம் புது தெர்மோஸ்டாட் செத்துப் போச்சுன்னு கடைக்கு ஓடுவாங்க பாவம். ஒரு வயரையும் தொடறதுக்கு முன்னாடி போன்ல கிட்டக்க வெச்சு போட்டோ எடுங்க, ஒவ்வொரு வயர்லயும் எழுத்து எழுதி டேப் ஒட்டுங்க. கழட்டினதும் வயரை ஒரு பென்சில்ல சுத்தி வெச்சா சுவத்துக்குள்ள நழுவிப் போகாது.

இன்னொண்ணு, யாரும் சொல்லாத விஷயம், வயர் வர்ற அந்த ஓட்டை. அதுல கையை வெச்சுப் பாருங்க, குளிர்காலத்துல சுவத்துக்குள்ள இருந்து ஜில்லுன்னு காத்து வரும். தெர்மோஸ்டாட் சென்சார் நேரா அந்தக் காத்துலதான் உக்காந்திருக்கும், ரூம் 21 டிகிரி இருந்தாலும் அது கம்மியா காட்டி ஃபர்னஸை ஓட விட்டுட்டே இருக்கும். கொஞ்சம் புட்டி வெச்சு அடைச்சதும் எங்க வீட்டுல ரீடிங் சரியாயிடுச்சு. தரையில இருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரம், உள்சுவர், வெயில் படாத இடம், ஹீட் வர்ற வென்ட்டுக்கு எதிர்ல இல்லாம இருக்கணும், இதெல்லாம் பழைய தெர்மோஸ்டாட்டுக்கும் பொருந்தும்.

ஹீட் பம்ப் (ஒரே மெஷின் கோடையில ஏசியாவும் குளிர்ல ஹீட்டராவும் ஓடறது) வெச்சிருக்கறவங்க இந்தப் பகுதியை நிதானமா படிங்க. உங்களுக்கு ஓ/பி-ன்னு ஒரு வயர் கூடுதலா இருக்கும், ரிவர்சிங் வால்வுக்குப் போறது, ஹீட்டிங்கா கூலிங்கான்னு மாத்தறது அந்த வால்வுதான். பெரும்பாலான கம்பெனி கூலிங் ஓடும்போது அதுக்கு பவர் குடுப்பாங்க, ரீம், ரூட் மாதிரி சிலது ஹீட்டிங்ல குடுக்கும். செட்டப்ல இதை மாத்தி வெச்சா ஹீட் போட்டா குளிர் காத்து வரும், மெஷின் ரிப்பேர்னு பயந்துடுவீங்க. அதைவிடப் பெருசு ஆக்ஸிலரி ஹீட், சுருக்கமா ஆக்ஸ், ஹீட் பம்ப் போதாதப்போ துணைக்கு ஓடற ஹீட். ராத்திரி நாலஞ்சு டிகிரி இறக்கிட்டு காலையில ஒரேயடியா ஏத்தினா, ஹீட் பம்ப் மெதுவா ஏத்தறதுக்குள்ள தெர்மோஸ்டாட் பொறுமை இழந்து அந்த ஆக்ஸ், அதாவது கரன்ட்டை நிறைய இழுக்கற எலக்ட்ரிக் ஹீட் ஸ்ட்ரிப்பை போட்டுடும், ராத்திரி முழுக்க மிச்சம் பண்ணினது காலையில அந்தக் கொஞ்ச நேரத்துலயே போயிடும். அதனால ஹீட் பம்புக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி இறக்கினா போதும், வெளிய எத்தனை டிகிரிக்கு மேல இருந்தா ஆக்ஸ் ஓடக்கூடாதுன்னு செட் பண்ற வசதி இருக்கற மாடலா பார்த்து வாங்குங்க. கேஸ் ஃபர்னஸ்னா இந்தக் கவலை இல்ல, தாராளமா இறக்கலாம்.

இப்போ தினசரி யூஸ். தானா கத்துக்கும், நீங்க எதுவும் பண்ண வேணாம்ங்கறதுதான் பெரிய விளம்பரம். ஒரே மாதிரி நேரத்துக்கு வேலைக்குப் போய் வர்ற வீட்டுக்கு அது சரி. எங்க வீட்டுல ஆளுக்கொரு நேரம், ஒருத்தர் குளிருதுன்னு ஏத்துவார், ஒருத்தர் புழுக்கமா இருக்குன்னு இறக்குவார், அது ரெண்டையும் கத்துக்கிட்டு நடு ராத்திரியில ஹீட் போட ஆரம்பிச்சுது. கத்துக்கறதை ஆஃப் பண்ணிட்டு நாங்களே ஒரு சிம்பிள் ஷெட்யூல் போட்டதுக்கு அப்புறம்தான் நிம்மதி.

போனை வெச்சு ஆள் இருக்காங்களான்னு கண்டுபிடிக்கற வசதி பத்தி கட்டாயம் சொல்லணும். அம்மா வந்து தங்கியிருந்தப்போ எங்க போன் எல்லாம் வெளிய போனதும் வீடு காலின்னு முடிவு பண்ணி ஹீட்டை இறக்கிடுச்சு. அவங்க ஸ்மார்ட்போன் வெச்சுக்கறது இல்ல, ஸ்வெட்டர் மேல சால்வை போத்திட்டு உக்காந்திருந்தாங்க, உங்களை எதுக்கு தொந்தரவு பண்ணணும்னு போன்கூட பண்ணல. எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. பெரியவங்க, குழந்தைங்க, போன் இல்லாதவங்க இருக்கற வீட்டுல அந்த ஆட்டோ அவேயை முதல் நாளே அணைச்சுடுங்க, இல்லன்னா அவங்க ரூம்ல ஆள் அசைவைப் பார்க்கற சென்சார் ஒண்ணு வைங்க.

சென்சார்னு சொன்னதும், இத்தனை நாள்ல காசு குடுத்ததுக்கு அர்த்தம் இருக்குன்னு தோணின ஒரே விஷயம் இந்த ரூம் சென்சார்தான். தெர்மோஸ்டாட் இருக்கறது ஹால் பக்கத்து நடையில, தூங்கறது மாடியில. நடையில 21 இருக்கும்போது பெட்ரூம்ல 18தான் இருக்கும். ராத்திரி பெட்ரூம் சென்சாரைப் பாரு, பகல்ல ஹாலைப் பாருன்னு வெச்சதும் எழுந்திரிச்சு எழுந்திரிச்சு ஏத்தறது நின்னுடுச்சு. சென்சார் சப்போர்ட் இல்லாத மாடலை எவ்ளோ அழகா இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக் குடுங்க, 28 வெச்சா வீடு சீக்கிரம் சூடாகாது. சாதா ஃபர்னஸ் 22 வெச்சாலும் 28 வெச்சாலும் ஒரே வேகத்துலதான் சூடு பண்ணும், 28 வெச்சா நிறுத்தாம ஓடும், அவ்ளோதான்.

மிச்சம் ஆகுமான்னு கேட்டா, எனர்ஜி ஸ்டார் (அமெரிக்க அரசோட மின்சிக்கனத் திட்டம்) சொல்றது ஹீட்டிங் கூலிங் செலவுல சராசரியா 8 சதவீதம். முன்னாடியே கையால ராத்திரி இறக்கி வெளிய போகும்போது அணைச்சு பழகினவங்களுக்கு அந்த அளவு வராது, ஒரே டிகிரியில வருஷம் முழுக்க ஓட விட்டவங்களுக்கு நல்லாவே வரும். போன வருஷ பில்லையும் இந்த வருஷ பில்லையும் நேரா ஒப்பிட்டுப் பார்த்து ஏமாறாதீங்க, குளிர் ரெண்டு வருஷமும் ஒண்ணா இருக்காது. ஹீட்டிங் டிகிரி டேன்னு ஒரு கணக்கு இருக்கு, 18 டிகிரியை அடிப்படையா வெச்சு, அன்னிக்கு வெளிய சராசரி 5 டிகிரின்னா 13 புள்ளி, மாசம் முழுக்கக் கூட்டிக்கோங்க, செலவான யூனிட்டை அதால வகுத்தா எந்த ஹீட்டிங் மாசத்தையும் இன்னொரு ஹீட்டிங் மாசத்தோட நியாயமா ஒப்பிடலாம். ஆப்ல வர்ற ரன்டைம் கிராஃபும் இதுக்கு உதவும், ஒரு தடவை குளிர் அதிகமாகாமலேயே ஓடற நேரம் ஏறிக்கிட்டே போச்சு, போய்ப் பார்த்தா ஃபில்டர்ல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருந்துச்சு.

எத்தனை வருஷம் ஓடும்ங்கறதும் யோசிக்கணும். 2011-ல வந்த முதல் நெஸ்டுக்கும் அதுக்கு அடுத்த மாடலுக்கும் கூகுள் 2025 அக்டோபரோட சப்போர்ட்டை நிறுத்திடுச்சு, சுவத்துல ஷெட்யூல் ஓடும், போன்ல இருந்து கன்ட்ரோல் பண்ண முடியாது. அதனால இன்டர்நெட் இல்லாம, ஆப் இல்லாம, சுவத்துலயே எல்லா செட்டிங்கும் மாத்த முடியுதான்னு வாங்கும்போதே பார்த்துடுங்க. மேட்டர் (பல கம்பெனி ஸ்மார்ட் பொருளும் ஒண்ணோட ஒண்ணு பேசறதுக்கான பொதுத் தரம்) சப்போர்ட் இருந்தா கம்பெனி ஆப் போனாலும் வேற ஆப்ல சேர்த்துக்க வாய்ப்பு இருக்கு. ரூட்டர் மாத்தும்போது பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வெச்சா திரும்ப செட்டப் பண்ற வேலை மிச்சம், நிறைய மாடல் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் சேரும்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேட்டுட்டு மாட்டுங்க, பழசை பத்திரமா எடுத்து வைங்க, காலி பண்ணும்போது திரும்ப மாட்டிக் குடுக்கணும். சொந்த வீடா இருந்து பழசைத் தூக்கிப் போடறதா இருந்தா முதல்ல உள்ள பாருங்க, கண்ணாடிக் குமிழுக்குள்ள வெள்ளியா ஏதாவது உருண்டா அது பாதரசம், உடைக்காம அபாயக் கழிவு வாங்கற இடத்துல குடுத்துடுங்க, குப்பைத் தொட்டியில போடாதீங்க.