ஹால் சுவருக்கு மேடுபள்ள டிசைன்: பூசுவதா, ஒட்டுவதா?

இரண்டு வருஷத்துக்கு முன், தீபாவளி நெருங்கும்போது, மலேசியாவில் சுங்கை சிப்புட் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் ஹாலில் ஒரு சுவரை நானே ஸ்கிம் கோட் (பவுடரைத் தண்ணீரில் குழைத்து மெல்லிசாகப் பூசும் பூச்சு) பூசி, ரோலரால் புள்ளிபுள்ளியாக எழுப்பி, பெயின்ட் அடித்தேன். அதே வாரம் நாலு வீடு தள்ளி இருக்கும் தம்பி, செங்கல் மாதிரி அச்சடித்த பஞ்சு (ஃபோம்) ஷீட்டை வாங்கி ஒட்டிவிட்டான். தோட்டத்து லயத்து வீட்டில் தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது இதெல்லாம் கேட்கிறது.

ஷீட்டின் வசதி சொல்லவே வேண்டாம். தாளை உரி, ஒட்டு, ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. எனக்கு மூன்று வாரக் கடைசிகள் போயின: பழைய பெயின்டைச் சுரண்டி, சீலர் (அடிப்பூச்சு) அடித்து, பூசி, காயவிட்டு, மறுபடி சீலர், அப்புறம் இரண்டு கோட் பெயின்ட். பெயின்டும் கூடவே குடிக்கும். ஒரு லிட்டருக்கு இத்தனை சதுர மீட்டர் என்று டப்பாவில் போட்டிருப்பது வழவழப்பான சுவருக்குத்தான்.

இருந்தும் நான் பூச்சுப் பக்கம்தான். காரணம் ஈரம். மழையில் வெளிச்சுவர் நனைந்தால் அந்த ஈரம் உள்பக்கமாக வெளியேறப் பார்க்கும். ஷீட் அதற்கு வழியே விடாது. போன வருஷக் கடைசி மழையில் தம்பி வீட்டு சோபாவுக்குப் பின்னால் ஒரு நாற்றம். மூலையைப் பிரித்தால் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை, ஷீட்டோடு பெயின்டும் பட்டைபட்டையாகக் கையோடு வந்தது. என் சுவரிலும் ஈரம் ஏறியது, மறுக்கவில்லை. ஆனால் உப்புப் பூத்தது வெளியிலேயே தெரிந்துவிட்டதால், உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டி, வெளிவிரிசலை அடைத்து, காயவிட்டு, அதே ரோலரால் ஒட்டுப் போட்டேன். பகலில் பார்த்தால் தெரியாது, ராத்திரி விளக்கு பக்கவாட்டில் விழுந்தால் லேசாகத் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், எந்த டிசைன் அழகு என்பதைவிட எதற்கு ஒட்டுப் போட முடியும் என்று பாருங்கள். பூச்சுக் கரண்டியால் விசிறி விசிறியாக இழுக்கும் டிசைன் கண்ணுக்கு அருமைதான், நடுவில் ஒரு இடம் பெயர்ந்தால் அந்தக் கைவீச்சு திரும்ப வராது. ரோலர் புள்ளிக்கு அந்தக் கவலை இல்லை. ஸ்கிம் கோட் பவுடர் வாங்கும்போது சிமென்ட் கலந்ததையே கேளுங்கள், ஜிப்சம் வகை ஈரத்தில் இளகிவிடும்.

மணல் கலந்து தயாராக வரும் டெக்ஸ்சர் பெயின்டை ஸ்டோர் ரூமின் சின்னச் சுவரில் மட்டும் அடித்திருக்கிறேன், அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லமாட்டேன். கைபட்டால் சொரசொரவென்று உரசுகிறது, சின்னப் பிள்ளைகள் ஓடும் ஹாலுக்கு நான் போடமாட்டேன்.

பூச்சில் ஒரு தொல்லை உண்டு: சாமி மேடைக்குப் பக்கத்தில் சாம்பிராணிப் புகை மேடுகளில் படிந்துவிடுகிறது. அங்கே மட்டும் கழுவ முடிகிற, கொஞ்சம் பளபளப்புள்ள பெயின்ட் அடித்திருக்கிறேன். பத்து வருஷம் கழித்து அலுத்துப்போய் வழவழப்பாக மாற்ற நினைத்தால் முழுச் சுவரையும் திரும்பப் பூச வேண்டும், அந்த வேலையை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.

போன வாரம் தம்பி ரோலர் கேட்டு வந்தான். "அண்ணே, இந்தத் தீபாவளிக்குள்ள முடிஞ்சிருமா?" என்றான். முதலில் வெளியே அந்த விரிசலை அடைடா, சுவர் காயட்டும், அப்புறம் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.