பஞ்சாபிச் சமோசாவா, பட்டைச் சமோசாவா, பற்றிஸா?

திருகோணமலையில் நாம் கடையில் வாங்கித் தின்னும் சமோசா பெரும்பாலும் மெல்லிய பட்டையில் முக்கோணமாக மடித்தது. யூரியூப்பில் வட இந்தியச் சமையல்காரர்கள் செய்து காட்டுவதோ தடித்த தோலும் குண்டு வயிறுமான பஞ்சாபி வகை. இதற்குள் அரைவட்டமாக மடித்துப் பொரிக்கும், நம் வீட்டுப் பிறந்தநாள் மேசைப் பற்றிஸ் வேறு. எதைச் செய்வது? வடிவத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், உள்ளே வைக்கப் போவதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பாருங்கள் என்பதே என் கட்சி.

உருளைக்கிழங்கு என்றால் பஞ்சாபிதான். அவித்த கிழங்கில் எப்போதும் கொஞ்சம் ஈரம் நிற்கும். அதைத் தாங்கத் தடித்த தோல் வேண்டும். இந்தியக் குறிப்புகளில் மைதா என்று இருந்தால் அலைய வேண்டாம், இங்கே கடையில் வாங்கும் வெள்ளைக் கோதுமை மாவே போதும். சீனக்குடாவில் மா ஆலையை வைத்திருக்கும் ஊர்க்காரருக்கு மாவுக்கா பஞ்சம்?

250 கிராம் மாவுக்கு 4 மேசைக்கரண்டி நெய் அல்லது எண்ணெய், அரைத் தேக்கரண்டி ஓமம், உப்பு. தண்ணீர் விடுவதற்கு முன் விரல் நுனியால் நன்றாகத் தேய்க்க வேண்டும். ஒரு பிடி மாவை உள்ளங்கையில் இறுக்கித் திறந்தால் பிடித்த உருவிலேயே நிற்க வேண்டும். உதிர்ந்தால் நெய் போதாது. பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ரொட்டி மாவைவிட இறுக்கமாகக் குழைத்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். கிழங்கை மசிக்காமல் கையால் உடைத்து, நற்சீரகம், இடித்த கொத்தமல்லி, இஞ்சி, பச்சை மிளகாய், பட்டாணியோடு பிரட்டுங்கள். மாங்காய்த்தூள் கிடைக்காவிட்டால், அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விட்டால் சரி.

பொரிப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். போட்டவுடன் சீறுகிற எண்ணெயில் தோல் கொப்புளம் கொப்புளமாக எழும், உட்பக்கம் பச்சை மாவாகவே இருக்கும். மெல்லிய நெருப்பில், சின்னக் குமிழிகள் மெதுவாக மேலே வரும் பதத்தில், 12 முதல் 15 நிமிடம் கிடக்க வேண்டும். காஸ் செலவாகும், உண்மைதான். ஆனால் அப்படிப் பொரித்தது பின்னேரத் தேத்தண்ணி முடிந்த பிறகும் மொறுமொறுப்பு விடாது.

பட்டைச் சமோசாவில் இந்தப் பொறுமையை மாவிடமே காட்டியாக வேண்டும். இரண்டு சிறு ரொட்டிகளுக்கு நடுவே எண்ணெய் பூசி, மா தூவி, ஒன்றாகத் தேய்த்து, தோசைக்கல்லில் நிறம் மாறாமல் காட்டி எடுத்து, சூட்டோடு பிரித்து 3 அங்குலப் பட்டைகளாக வெட்ட வேண்டும். துணியால் மூடாவிட்டால் கடற்காற்றில் ஓரம் காய்ந்து, மடிக்கும்போது வெடிக்கும். மடித்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மூலையில் ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் மாப் பசை வையுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் உள்ளே புகுந்துவிடும்.

இதற்குள் கிழங்கை வைப்பது வீண். கொத்திய மாட்டிறைச்சியோ கோழியோ, நீர் வற்றும்வரை வெங்காயத்தோடு வதக்கி, நன்றாக ஆறவிட்டு வைக்க வேண்டும். இது பழைய சேர்மானமும்கூட. 14ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் விருந்தில் மொரோக்கோப் பயணி இபின் பதூதா கண்டது, கொத்திய இறைச்சியும் பாதாம், பிஸ்தாவும் மெல்லிய ரொட்டிக்குள் வைத்து நெய்யில் பொரித்த சமோசா. உருளைக்கிழங்கு அப்போது அமெரிக்கக் கண்டத்தை விட்டு வெளியே வரவே இல்லை!

பட்டைச் சமோசாவின் பெரிய வசதி, பொரிக்காமலே பிறீசரில் வைக்கலாம் என்பது. நோன்பு மாதத்துக்கு முன்பே மடித்து அடுக்கி வைத்தால், நோன்பு திறக்கும் நேரத்தில் எடுத்துச் சில நிமிடங்களில் பொரித்துவிடலாம். ஒரே குறை, மாரி காலத்து ஈரக்காற்றில் சீக்கிரம் தொய்ந்துவிடும். பொரித்தால் உடனே தின்ன வேண்டும்.

மீன் வாங்கி வந்த நாளில் இரண்டையும் மறந்துவிட்டுப் பற்றிஸ் செய்யுங்கள். சூரையை அவித்து உதிர்த்து, கொஞ்சம் கிழங்கு, மிளகு, கறிவேப்பிலை சேர்த்தால் போதும். மாஜரின், முட்டை மஞ்சட்கரு, தேங்காய்ப் பால் சேர்த்த மா சொன்னபடி கேட்கும். வட்டமாக வெட்டி, பாதியாக மடித்து, முள்ளுக்கரண்டியால் ஓரத்தை அழுத்தும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். முதன்முதலாகச் செய்கிறவருக்கு இதைத்தான் சொல்வேன். உறைப்பு மட்டும் கொஞ்சம் கூடவே போடுங்கள், அந்த மா காரத்தை மழுக்கிவிடும். மீன் பற்றிஸ் பொரித்த எண்ணெயில் சமோசாவைப் போடவும் வேண்டாம்.

வட இந்தியரின் இன்னொரு பொரித்த பலகாரமான கச்சோரி? பாசிப்பயற்றை ஊறவைத்து, அரைத்து, வறுத்து, மா உருண்டைக்குள் அடைத்து, பஞ்சாபியைவிட மெல்லிய நெருப்பில் பொரிக்க வேண்டும். ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை நாளில் அதைத் தொட மாட்டேன்.