டிக்கெட் விலையைப் பிரித்துக் காட்டும் எழும்பூர் டிராவல்ஸ்

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, கென்னட் லேனில் உள்ள ஒரு சிறிய டிராவல்ஸில்தான் எங்கள் குடும்பத்துக்கான விமான டிக்கெட்டுகளை எடுத்துவருகிறோம். செயலியிலேயே முடிகிற வேலைக்குச் சேவைக் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் தரும் ரசீதையே பதிலாகக் காட்டுவேன்.

அடிப்படைக் கட்டணம், கே3 என்ற குறியீட்டில் வரும் ஜிஎஸ்டி, விமான நிலையப் பயனர் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் என எல்லாவற்றையும் தனித்தனியாக அச்சிட்டு, கவுண்டரில் இருப்பவர் பேனாவால் கோடிட்டு விளக்குகிறார். மதுரைக்கு 2,000 ரூபாய் அடிப்படைக் கட்டணத்தில் டிக்கெட் கிடைத்தால், எகானமி வகுப்புக்கான 5% ஜிஎஸ்டி 100 ரூபாய்தான். 2021 ஏப்ரலில் 200 ரூபாயாக உயர்த்தப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புக் கட்டணமோ அதைப் போல இரு மடங்கு. 8,000 ரூபாய் கொடுத்து டெல்லி செல்பவரும் அதே 200 ரூபாயைத்தான் கட்டுகிறார் என்பதால், மலிவு டிக்கெட்டைத் தேடி வாங்குபவர் மீதே இச்சுமை கூடுதலாக விழுகிறது. ஜிஎஸ்டியையாவது, அலுவல் பயணம் என்றால் நிறுவனம் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு அந்த வழியும் இல்லை.

ரசீதில் வராத வரி ஒன்றும் உண்டு என்பதை அவர்களே சொன்னார்கள். விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. அதற்கு மத்திய கலால் வரியும் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியான வாட்டும் உண்டு. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இந்த வாட் 29%. உத்தரப் பிரதேசம் போன்ற சில மாநிலங்கள் அதை 1% வரை குறைத்துவிட்டன. கட்டிய வாட்டை விமான நிறுவனங்கள் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாததால், அது அடிப்படைக் கட்டணத்துக்குள் கரைந்துவிடுகிறது. ஆனால் சென்னை-மதுரை போன்ற குறுகிய தடத்தில், எழும்பூரிலிருந்தே தேஜஸும் வந்தே பாரத்தும் கிளம்பும்போது, முழுச் சுமையையும் பயணியிடம் ஏற்றினால் அவர் ரயிலுக்கு மாறிவிடுவார். ஏற்றாவிட்டால் அத்தடத்தில் விமானம் இயக்குவதே கட்டுப்படியாகாமல் போகும். நம் தென் மாவட்டங்களின் விமான சேவையைப் பற்றிப் பேசும்போது இந்த 29%-ஐ யாரும் எடுத்துச் சொல்லாதது எனக்கு வருத்தமே.

உறவினர் வீட்டுத் திருமணத் தேதி மாறியதால் டிக்கெட்டுகளை ரத்து செய்தபோது இவர்களின் அருமை நன்றாகத் தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்காத சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. நாங்கள் கேட்காமலே விண்ணப்பித்து, தொகையை வங்கிக் கணக்கில் வரவைத்துத் தந்தார்கள்.

குறை என்றால், மாலை வேளையில் கூட்டம் அதிகம், தொலைபேசியை எடுப்பதில்லை. தனியாகப் பயணிப்பவர்களுக்குச் செயலியே போதும். குடும்பமாகச் செல்வோரும் சிறு நிறுவனத்தாரும் இங்கே தாராளமாகப் போகலாம். நிறுவனப் பயணம் என்றால் ஜிஎஸ்டி எண்ணை டிக்கெட் எடுக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.