முதல் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: வட கரோலினாக் கடை ஒன்றில் எங்களுக்கு நேர்ந்தது

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்கும், மலைப்பக்கம் கூடாரமடித்துத் தங்கும்போது துணைக்கும் என்று முதன்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். துப்பாக்கி வைத்திருப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. ராலே நகருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு கடையில் பழுதான பொருள் எங்கள் தலையில் கட்டப்பட்டதும், அதைவிட மோசமாக, என் தங்கையின் கணவரைச் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் இட்டுச் செல்லக்கூடிய யோசனை ஒன்று சிரித்த முகத்தோடு சொல்லப்பட்டதுமே இங்கே பேசவேண்டியவை. புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

எங்கள் தேவை எளியது. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் பகுதியில் குடியிருக்கிறோம். அவசர அழைப்பு விடுத்தாலும் ஷெரிஃப் அலுவலக வண்டி வந்து சேர நேரமாகும். ஆண்டில் சில முறை பிஸ்கா தேசியக் காட்டில் தங்குவோம். இரண்டுக்கும் ஒன்றே போதும், விலை 450 டாலருக்குள் இருக்க வேண்டும், என் மனைவியும் அச்சமின்றிக் கையாளக்கூடியதாக இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். இந்த விலைக்கு உருப்படியான பொருள் கிடைக்காது என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். ரூகர் செக்யூரிட்டி-9, ஸ்மித் அண்ட் வெசன் எஸ்.டி.9, டாரஸ் ஜி3 போன்ற 9 எம்.எம். பிஸ்டல்கள் பெரும்பாலும் 300 முதல் 400 டாலருக்குள் புதிதாகவே விற்கின்றன. 9 எம்.எம். தோட்டா விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது; புதிதாகப் பழகுகிறவருக்குத் துப்பாக்கியின் விலையைவிடத் தோட்டாவின் விலையே நாளடைவில் பெரிய செலவு என்பதால் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்தக் கடையின் விளம்பரத்தில் இத்தகைய பிஸ்டல் ஒன்றுக்கு 319 டாலர் என்று போட்டிருந்தார்கள். விளம்பரத்தைக் காட்டியதும் விற்பனையாளர் "நேற்றோடு தீர்ந்துவிட்டது" என்றார். மறுபடி எப்போது வரும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த வாரமும் அதே பொருள் அதே விலையில் விளம்பரத்தில் இருந்ததைப் பிறகு பார்த்தோம். அவர் அதற்குள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, இரண்டு அங்குலக் குழலும் ஐந்து தோட்டா கொள்ளும் சிலிண்டரும் உடைய, எடை மிகக் குறைந்த ஒரு .357 மேக்னம் ரிவால்வரை எடுத்து என் மனைவியின் கையில் வைத்து, "பெண்களுக்கு இதுதான் பொருத்தம், இலேசானது, சிக்கிக்கொள்ளாது, கரடிக்கும் போதும், திருடனுக்கும் போதும்" என்றார். விலை 489 டாலர். புதியதா என்று கேட்டபோது "புதியது மாதிரிதான்" என்று பதில் வந்தது.

இலேசான துப்பாக்கி புதியவருக்கு நல்லது என்பது இந்த வியாபாரத்தில் அடிக்கடி சொல்லப்படும் பொய். ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியிலிருந்து சுட்டால் பின்னுதைப்பு கூடும்; .357 மேக்னம் போன்ற வலுவான தோட்டாவை ஒரு பவுண்டு எடையுள்ள ரிவால்வரில் சுடுவது பழகிய கைக்கே நோவு தருவது. குட்டைக் குழலில் அந்தத் தோட்டா தன் வேகத்தில் கணிசமான பகுதியை இழந்துவிடுகிறது, அதேவேளை தீப்பிழம்பும் ஓசையும் மிகுதி. மூடிய அறைக்குள் இரவில் அது கண்ணையும் காதையும் என்ன செய்யும் என்பதை நினைத்துப் பாருங்கள். மேலும் இவ்வகை ரிவால்வர்களில் டிரிக்கரை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 முதல் 12 பவுண்டு அழுத்தத்தில் நெடுந்தொலைவு இழுக்க வேண்டியிருப்பதால், புதியவர் குறியைத் தவறவிடுவது இயல்பு. .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம், உதைப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதை அவர் சொல்லவில்லை. ஒரு பெட்டிக்கு 20 தோட்டா மட்டுமே கொண்ட மேக்னம் தோட்டாவை 38 டாலருக்கு எடுத்து வைத்தார்.

அதையே வாங்கச் சம்மதித்துப் பணம் செலுத்தப் போனபோது, பலகையில் மொத்தத் தொகை மட்டுமே தெரிந்தது. அட்டையைத் தேய்த்த பிறகே அச்சிட்ட ரசீது கைக்கு வந்தது. துப்பாக்கி, தோட்டா, 30 டாலர் உறை ஆகியவற்றோடு, 59 டாலருக்கு "ஆயுள் பாதுகாப்புத் திட்டம்", பின்னணிச் சோதனைக்கு 15 டாலர், அட்டைக்குக் கூடுதலாக நூற்றுக்கு 3, இவற்றோடு "கவுன்ட்டி அனுமதிச் சீட்டு" என்று 25 டாலர். வரியும் சேர்ந்து 720 டாலரைத் தொட்டது. வட கரோலினாவில் கைத்துப்பாக்கி வாங்க ஷெரிஃபிடம் அனுமதிச் சீட்டு பெறும் முறை 2023 மார்ச் 29 அன்று ஒழிக்கப்பட்டுவிட்டது. அது இருந்த காலத்திலும் கட்டணம் 5 டாலர்தான், அதையும் வாங்குபவர் ஷெரிஃப் அலுவலகத்தில் செலுத்துவார். இல்லாத சீட்டுக்கு ஐந்து மடங்கு கட்டணம். பின்னணிச் சோதனையைப் பொறுத்தவரை, எஃப்.பி.ஐ. அதற்குக் கடைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை; கடை தன் வேலைக்கு என்று கேட்பது சட்டவிரோதம் அன்று, ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது பண இழப்பு மட்டுமே. அடுத்து நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதத் தொடங்கினேன். எங்களோடு வந்திருந்த தங்கையின் கணவர் ஹெச்1பி விசாவில் இருக்கிறார். அவரும் ஒரு பிஸ்டலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் விசா நிலையை அவர் சொன்னதும், விற்பனையாளர் சற்றும் தயங்காமல், "அதனால் என்ன, உங்கள் உறவினர் கிரீன் கார்டு வைத்திருக்கிறாரே, அவர் பெயரில் படிவத்தை நிரப்பிக்கொள்ளுங்கள், பணத்தை நீங்கள் கொடுங்கள், இங்கே எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். "மச்சான், இது சரியாக இருக்குமா?" என்று அவர் தமிழில் கேட்டார். "மாப்பிள்ளை, அதைக் கீழே வையுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

சட்டம் இந்த இடத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. ஹெச்1பி, ஹெச்4, எஃப்1, எல்1, சுற்றுலா விசா என எந்தக் குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவரும், செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளுக்கு உட்பட்டாலன்றி, அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும். மற்றொருவருக்காக நான் வாங்குகிறேன் என்பதை மறைத்து, துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில் கையொப்பமிட்டால் அது பினாமிக் கொள்முதல். 2022இல் இயற்றப்பட்ட சட்டம் இதைத் தனிக் குற்றமாக்கி 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்திருக்கிறது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடுகடத்தலாம். ஆக, அந்த விற்பனையாளர் தம் விற்பனைக் கமிஷனுக்காகச் சொன்ன ஒரு வாக்கியம் இரண்டு குடும்பங்களைக் கப்பலேற்றியிருக்கும். பெற்றோர் ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்து தங்கும் வீடுகளிலும் கவனம் வேண்டும்: துப்பாக்கிப் பெட்டியின் சாவியோ எண்ணோ அவர்களிடம் இருக்கக் கூடாது. சிறு பிள்ளைகள் இருந்தால் பூட்டி வைப்பது இந்த மாநிலச் சட்டப்படியும் கடமை.

எங்கள் ரிவால்வருக்கான படிவத்தை நிரப்பிய பிறகு, பின்னணிச் சோதனைக்கு எஃப்.பி.ஐ.யிடமிருந்து "தாமதம்" என்று பதில் வந்தது. நம்மவர்களுக்கு இது புதிதல்ல. ஓட்டுநர் உரிமத்தில் தகப்பனார் பெயர் பின்னால், கிரீன் கார்டில் முன்னால், கடவுச்சீட்டில் ஊர்ப்பெயரும் சேர்ந்து என்று இருக்கும் நிலையில், அந்தக் கணினி தயங்குவதில் வியப்பில்லை. மூன்று வேலை நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் கடை விரும்பினால் துப்பாக்கியை ஒப்படைக்கலாம். ஒப்படைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தக் கடை அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று "வைப்புக் கட்டணம்" கேட்டது. வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றபோது விலையில் நூற்றுக்கு 25 பிடித்தம் என்றது. இரண்டு நிபந்தனைகளும் ரசீதின் பின்புறம், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவுக்குச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. பெயர்க் குழப்பத்தால் அடிக்கடி தாமதமாகிறவர்கள் எஃப்.பி.ஐ.யின் தன்விருப்ப மேல்முறையீட்டுக் கோப்பில் (Voluntary Appeal File) விண்ணப்பித்து ஒரு தனி அடையாள எண் பெற்றுக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை. உரிமத்திலுள்ள முகவரி தற்போதைய முகவரியாக இருக்கிறதா என்பதையும் கடைக்குப் போகும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவழியாகக் கைக்கு வந்த ரிவால்வரைச் சுடுதளத்துக்கு எடுத்துச் சென்றோம். முதல் சில தோட்டாக்களிலேயே பக்கத் தடுப்பில் ஈயத் துகள்கள் தெறித்ததைக் கண்ட பயிற்சியாளர் உடனே நிறுத்தச் சொன்னார். அவர் அனுப்பிவைத்த துப்பாக்கிப் பணிமனைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: முன்பு வைத்திருந்தவர் பக்கத் தகட்டைத் திறந்து ஸ்பிரிங்குகளை மாற்றியிருக்கிறார், திருகுகளின் தலை சிதைந்திருக்கிறது, சிலிண்டர் சுழன்று நிற்கும் நேரம் தவறியிருக்கிறது, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி விழும் கணத்தில் தோட்டா அறை குழலுக்கு நேராக வந்து பூட்டப்படவில்லை, அதனால் தோட்டாவின் ஓரம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் சிதறுகிறது. "புதியது மாதிரி" என்று விற்கப்பட்ட பொருளின் நிலை இது. தயாரித்த நிறுவனத்தின் மீது இதில் எந்தக் குறையும் இல்லை.

பழைய ரிவால்வர் வாங்குகிறவர்கள் இதைக் கடை மேசையிலேயே கண்டுபிடிக்கலாம். சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலி என்பதை இருவரும் பார்த்த பிறகு, விற்பனையாளரின் அனுமதியோடு, பாதுகாப்பான திசையில் குழலை வைத்து, சிலிண்டரின் மேல் விரலால் மெல்லத் தடை கொடுத்தபடி சுத்தியை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சுத்தி முழுதும் பின்வாங்கி நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக இதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் நான்கு சரியாக இருந்து ஐந்தாவது மட்டும் தவறலாம். சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளினால் ஆட்டம் இருக்கிறதா, குழலின் பின்வாயில் விரிசலோ சிலிண்டருக்கு மேலே செல்லும் உலோகச் சட்டத்தின் அடியில் வெப்பம் அரித்த தடமோ தெரிகிறதா, திருகுகளின் தலை மழுங்கியிருக்கிறதா என்பவற்றையும் விளக்கொளியில் பாருங்கள். இதற்கு அனுமதி மறுக்கும் கடையில் பழைய ரிவால்வர் வாங்கவே வேண்டாம்.

திரும்பப் போய்க் கேட்டபோது "விற்ற பொருள் திரும்பாது" என்றார்கள். 59 டாலர் பாதுகாப்புத் திட்டத்தை எடுத்துக் காட்டினால், அது பயன்படுத்திய துப்பாக்கிகளுக்குப் பொருந்தாது என்று அதன் உள்ளே எழுதியிருக்கிறது. பயன்படுத்திய துப்பாக்கிக்குத்தான் அதை விற்றிருக்கிறார்கள். அப்போதுதான் மேலாளர் "இவையெல்லாம் அரசு சோதித்துச் சான்றளித்த பொருள்கள்" என்றும் சொன்னார். அப்படி ஒரு சான்று கிடையாது. 1972இல் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய சட்டமே துப்பாக்கிகளை அதன் அதிகாரத்துக்கு வெளியே வைத்துவிட்டது. ரொட்டி சுடும் கருவியைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் உள்ள அந்த ஆணையத்தால் ஒரு கைத்துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சொல்ல முடியாது. கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் விற்கத்தக்க கைத்துப்பாக்கிகளுக்குத் தாமாகப் பட்டியல் வைத்திருக்கின்றன. வட கரோலினாவில் அது இல்லை. பழுதுக்காகத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் தாமாக முன்வந்து செய்வதே. 2017இல் ரூகர் தன் மார்க் 4 பிஸ்டல்களுக்கும், 2020இல் ஸ்மித் அண்ட் வெசன் தன் ஷீல்டு இ.இசட். பிஸ்டல்களில் சிலவற்றுக்கும் அப்படி அறிவித்தன. ஆகவே பழைய பொருள் எதுவானாலும் அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, பணம் கட்டுவதற்கு முன்பே தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவைக் கேட்டுவிடுவது நல்லது. தயாரித்த ஆண்டையும் பெரும்பாலும் சொல்வார்கள், "புதியது மாதிரி" என்பதன் வயது அதிலேயே தெரிந்துவிடும்.

அட்டை நிறுவனத்திடம் மறுப்புத் தெரிவித்ததோடு, மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் புகார் கொடுத்தோம். வட கரோலினாச் சட்டத்தொகுப்பின் 75ஆம் அத்தியாயம் ஏமாற்று வணிகத்தைத் தடை செய்கிறது. நீதிமன்றத்தில் நிரூபித்தால் இழப்பைப் போல மூன்று மடங்கு கிடைக்கும். விளம்பரத்தின் படம், ரசீதின் இரு பக்கங்கள், பணிமனைக்காரர் கையொப்பமிட்ட அறிக்கை ஆகியவற்றை இணைத்த பிறகே கடையிலிருந்து முதல் மரியாதையான கடிதம் வந்தது. பினாமிக் கொள்முதல் யோசனையைப் பற்றித் தனியாக, துப்பாக்கிக் கடைகளுக்கு உரிமம் வழங்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப். அலுவலகத்துக்கும் எழுதினோம், விலைத் தகராறு அவர்கள் வேலையன்று, ஆனால் உரிமம் பெற்ற கடை இப்படிச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை.

இப்போது வீட்டில் இருப்பது, வேறொரு கடையின் சுடுதளத்தில் நானும் மனைவியும் சில வகைகளை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்து, அவர் தமக்கு வசதியானது என்று தேர்ந்தெடுத்த நடுத்தர அளவு 9 எம்.எம். பிஸ்டல், பூட்டுப் பெட்டியோடு சேர்த்தே 450 டாலருக்குள் முடிந்தது. காட்டுக்குப் போகும்போது கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானைத்தான் இடுப்பில் வைத்துக்கொள்கிறோம். இந்த மலைகளில் இருப்பது கறுங்கரடி மட்டுமே, அதுவும் பெரும்பாலும் உணவு வாசனைக்கு வருவது. அலாஸ்காவில் நடந்த நிகழ்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், தெளிப்பான் கறுங்கரடியைப் பத்தில் ஒன்பது முறை தடுத்திருந்தது.

கடை இதுவரை அனுமதிச் சீட்டுக்கான 25 டாலரையும் பாதுகாப்புத் திட்டத்தின் 59 டாலரையும் திருப்பித் தந்திருக்கிறது. ரிவால்வரின் விலைக்குக் கடையிலேயே வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்; நாங்கள் மறுத்துவிட்டோம். வழக்கறிஞர் இல்லாமல் மாஜிஸ்திரேட் முன் நடத்தக்கூடிய சிறு வழக்குக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.