டிக்கி அகராதி: போலந்துக்காரர்களுக்குச் செய்தது, நமக்கும் உதவுகிறது

போலந்துக்கு வேலைக்கோ படிக்கவோ வந்த நம்மாட்கள் பலரும் ஆங்கிலத்தில் யோசித்து, அதை செல்போனில் தட்டி, வருகிற போலிஷ் சொல்லைக் கடைக்காரரிடம் காட்டித்தான் காலத்தை ஓட்டுகிறோம். முழு வாக்கியமாகத் தட்டினால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ஒற்றைச் சொல்லைத் தட்டினால்தான் வம்பு, ஏனென்றால் செயலி தன் போக்கில் ஒரு பொருளை எடுத்துக் கொடுத்துவிடும், உங்களுக்கு வேண்டியது அதுதானா என்று கேட்காது. அந்த இடத்தில்தான் டிக்கி என்ற இந்த இணைய அகராதி கைகொடுக்கிறது. ஈ-ட்யூட்டர் என்ற ஆங்கிலப் பயிற்சித் தளத்தாருடையது, இலவசம், செல்போன் செயலியும் உண்டு.

'கீ' என்று போட்டுப் பாருங்கள். கதவுச் சாவிக்கு 'க்ளூச்', கீபோர்டில் தட்டுகிற கீக்கு 'க்ளாவிஷ்', பாட்டின் ஸ்கேலுக்கு 'தொனாட்ஸ்யா', வரைபடத்தின் ஓரத்தில் இருக்கிற குறிவிளக்கத்துக்கு 'லெகெண்டா'. நாலும் நாலு சொல், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. டிக்கி ஒவ்வொரு பொருளையும் எண் போட்டுத் தனித்தனியாகப் பிரித்து, அடைப்புக்குறியில் சின்ன விளக்கம் வைத்து, கீழே உதாரண வாக்கியமும் கொடுக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், அந்த அடைப்புக்குறி விளக்கம் போலிஷில் இருக்கும். அகராதியே ஆங்கிலம் படிக்கிற போலந்துக்காரர்களுக்காகச் செய்தது, அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வந்து இறங்கிய புதிதில் இதைத் திறந்தால், ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப் போய், விளக்கத்தில் இருக்கிற மூன்று சொல்லுக்குப் பொருள் தேட வேண்டியிருக்கும், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இதற்கு ஒரு வழி இருக்கிறது. விளக்கத்தை விட்டுவிட்டு உதாரண வாக்கியத்துக்குப் போய்விடுங்கள், அது ஆங்கிலத்திலும் இருக்கும், பக்கத்தில் போலிஷும் இருக்கும், உங்களுக்கு வேண்டிய பொருளில் வருகிற ஆங்கில வாக்கியத்தைப் பிடித்தால் போதும்.

இதன் அருமை 'சேஞ்ச்' மாதிரி சொல்லில்தான் தெரியும். கடையில் திருப்பித் தருகிற மீதிப் பணம் 'ரெஷ்டா'. சில்லறைக் காசு 'ட்ரோப்னெ', கல்லாவில் இருக்கிற அம்மா நோட்டைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான். ரயில் மாறுவது 'ப்ஷெஷாட்கா'. பொதுவான மாற்றத்துக்கு 'ஸ்மியானா'. போகிறபோக்கில் இன்னொன்று, இது எந்த அகராதியிலும் இல்லை: உணவகத்தில் பில்லுக்குப் பணத்தை நீட்டும்போதே 'ஜென்குயெ' என்று நன்றி சொல்லிவிடாதீர்கள், மீதி வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் பழகியவர்களுக்கு 'டிக்கெட்'டும் கவனம். காசு கொடுத்து வாங்குவது 'பிலெட்', தண்டம் கட்டச் சொல்லி போலீஸ் நீட்டுவது 'மண்டாட்'.

'நோ' என்ற வினையில் தமிழும் காப்பாற்றாது. நமக்கு விஷயமும் தெரியும், ஆளையும் தெரியும், நீச்சலும் தெரியும், எல்லாமே ஒரே தெரியும்தான். போலிஷில் விஷயம் தெரிந்தால் 'வியெஜெச்', ஆளையோ ஊரையோ தெரிந்தால் 'ஸ்நாச்', ஒன்றைச் செய்யத் தெரிந்தால் 'உமியெச்'. 'கோ'வும் அப்படித்தான், நடந்து போவது வேறு, வண்டியில் போவது வேறு, பறந்து போவது வேறு. லீவுக்கு இந்தியா போகிறேன் என்பதற்கு 'இடெ' என்று சொன்னால், ஆள் நடந்தே கிளம்பிவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். 'லெட்ஸெ' என்று சொல்லுங்கள். இந்த மாதிரி வினைகளில் டிக்கி போலிஷ் சொற்களை வரிசையாகக் கொடுத்துவிடும், எது நடை, எது வண்டி என்று போலந்துக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, நமக்குத்தான் சொல்ல வேண்டும். இங்கே எனக்கு அகராதியைவிட நல்ல இலக்கணப் புத்தகம்தான் உதவியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரே தேடல் பெட்டியில் இரண்டு மொழியையும் போடலாம் என்பது. கிடைத்த போலிஷ் சொல்லைத் திரும்ப அதிலேயே போட்டு, ஆங்கிலத்தில் என்னென்ன வருகிறது என்று பார்த்துவிடுங்கள். 'ஃப்ரீ'க்கு 'வோல்னி' என்று வரும். அதைத் திருப்பிப் போட்டால் காலியான, சுதந்திரமான என்பதோடு மெதுவான என்றும் வரும். ஆக, காலி இருக்கைக்கு அது சரி, இலவசக் காபிக்கு ஆகாது, அதற்கு 'தார்மோவா' வேண்டும். சுகர் ஃப்ரீ என்றால் அதுவும் இல்லை, 'பெஸ் ட்ஸுக்ரு', அதாவது சர்க்கரை இல்லாமல்.

குழப்பம் அந்தப் பக்கமும் இருக்கிறது. குளிர்கால ஜாக்கெட்டில் ஜிப் போய்விட்டது என்று தையல் கடை தேடிப்போனேன், கண்ணாடியில் 'விமியானா ஸாம்குவ்' என்று ஒட்டியிருந்தார்கள். கேமராவில் காட்டினால், பெயர் வேண்டாம், பிரபலமான ஒரு செயலி கோட்டைகள் மாற்றித் தரப்படும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லியது. 'ஸாம்குவ்' என்பதன் அடிச்சொல்லான 'ஸாமெக்' என்றால் ஜிப்பும்தான், கதவுப் பூட்டும்தான், வார்ஸாவில் இருக்கிற ராஜ கோட்டையும்தான். டிக்கியில் போட்டால் மூன்றும் வரிசையாக நிற்கிறது, தையல் கடைக்கு எது பொருந்தும் என்று நமக்கே தெரிந்துவிடும்.

முழு மின்னஞ்சலை மாற்ற இது உதவாது. அதற்கு டீப்எல் போகலாம், 2017இல் தொடங்கியபோதே போலிஷையும் சேர்த்துக்கொண்ட சேவை அது. சொல்லின் உருபு மாற்றத்துக்கு ஆங்கில விக்சனரியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், முழு அட்டவணையும் கிடைக்கும். அது கட்டாயம் தேவைப்படும், போலிஷில் வேற்றுமை ஏழு, சரியான சொல் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. சாவி இருக்கிறது என்றால் 'மாம் க்ளூச்'. சாவி இல்லை என்றால் 'நியெ மாம் க்ளூச்சா'.