கார் பக்கக் கண்ணாடி: லேமினேட்டடா, டெம்பர்டா?

ஒரே மாடலின் இரண்டு வேரியண்ட்களுக்கு இடையே தயங்கிய எனக்கு, முடிவைத் தீர்மானித்தது முன்கதவுக் கண்ணாடிதான். விலை குறைந்ததில் நான்கு கதவுகளிலும் டெம்பர்டு கண்ணாடி. அடுத்ததில் முன்கதவுகள் இரண்டிலும் ஒலி குறைக்கும் லேமினேட்டட் கண்ணாடி. நான் எடுத்தது இரண்டாவதை என்பதால், இந்த அலசல் அதன் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும்.

டெம்பர்டு என்பது 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பாய்ச்சிச் சட்டென்று குளிரவைத்த ஒற்றைக் கண்ணாடி. உடைந்தால் கற்கண்டுபோல் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். லேமினேட்டடில் இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்னும் பிளாஸ்டிக் படலம் இருக்கும். உடைந்தாலும் சில்லுகள் அதிலேயே ஒட்டி நிற்கும். டெம்பர்டு மலிவானது, மாற்றுவதும் எளிது. அதன் பக்கம் நின்று விலையைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

என்னைப் பொறுத்தவரை, எந்தச் சத்தம் குறைகிறது என்பதே முதன்மையான கேள்வி. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைக் கண்ணாடி, 3000 ஹெர்ட்ஸ் அளவில் காற்றிலுள்ள ஒலி அலையோடு ஒத்து அதிர்வதால், அந்த இடத்தில் மட்டும் சத்தத்தை எளிதாக உள்ளே விட்டுவிடுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும், வேகமாகச் செல்லும்போது பக்கக் கண்ணாடியை ஒட்டி எழும் காற்றின் சீறல் உறுத்துவதும் இதே எல்லையில்தான். ஒலி குறைப்பதற்கென்றே செய்யப்படும் பி.வி.பி. படலத்தின் நடுவடுக்கு மிகவும் மென்மையானது. அது அதிர்வை உள்வாங்கி வெப்பமாகக் கரைத்துவிடுவதால் அந்தச் சீறல் தணிகிறது. நெடுஞ்சாலையில் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிவது இதனால்தான். டயரின் உறுமலும் என்ஜினின் தாழ்ந்த அதிர்வும் பெரும்பாலும் தரைத்தளத்தின் வழியாகவே வருகின்றன. அவற்றில் பெரிய மாற்றத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். நகர நெரிசலிலேயே ஓட்டுபவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பேன். நான்கு கதவுகளிலும் லேமினேட்டட் உள்ள கார்களில் நான் பயணியாக மட்டுமே சென்றிருக்கிறேன். முன்கதவு மாற்றத்தை உணர்ந்த அளவுக்குப் பின்கதவு மாற்றத்தை நான் உணரவில்லை.

பாதுகாப்பு இரு பக்கமும் வெட்டுகிறது. கார் உருளும்போது பயணிகள் ஜன்னல் வழியே வெளியே வீசப்படுவதைத் தடுக்க லேமினேட்டட் உதவும். அமெரிக்காவில் இதற்கான விதி 2011இல் வெளியான பிறகு அதன் பயன்பாடு கூடியது. கண்ணாடியை உடைத்துத் திருடுபவருக்கும் அது நேரத்தைக் கூட்டும். ஆனால் கார் நீரில் மூழ்கும்போது அதே உறுதி பகையாகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏ.ஏ.ஏ. 2019இல் ஆறு உடைப்புக் கருவிகளைச் சோதித்தது. நான்கு கருவிகள் டெம்பர்டை உடைத்தன, லேமினேட்டடை ஒன்றுகூட உடைக்கவில்லை. பின்கதவுகளில் டெம்பர்டு இருந்த வேரியண்ட்டை நான் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே ஒரு வழி எஞ்சியிருக்கிறது.

உங்கள் காரில் எது இருக்கிறது என்பதைக் கண்ணாடியை அரைவாசி இறக்கி அதன் மேல்விளிம்பைப் பார்த்தே அறியலாம்: லேமினேட்டட் என்றால் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கோடு ஓடும். கதவுக்குக் கதவு வேறுபடக்கூடும் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள். சுத்தியல் வைத்திருப்பவர்கள் எந்த ஜன்னலில் அது வேலை செய்யும் என்பதை உடன் வருபவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.