சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு ஒரு கண்ணாடி அறை

டர்பனில் வீட்டு வேலை எதையாவது முடிக்க வேண்டுமென்றால் டிசம்பரில் ஊருக்குப் போகாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து அந்த மாதத்தில்தான் டிக்கெட் எடுக்கிறோம். தென்னாப்பிரிக்காவில் கட்டுமான வேலைகள் டிசம்பர் நடுவில் நின்றால் பொங்கல் நெருங்கும்போதுதான் மறுபடி தொடங்கும். கொத்தனார், அலுமினியப் பட்டறை, கண்ணாடி வெட்டுகிறவர், பிளான் வரைகிறவர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் லீவு. அதனால் இந்த முறை சிங்கப்பூரிலிருந்து மார்ச்சில் கிளம்பினேன். சாட்ஸ்வொர்த்தில் அம்மா இருக்கும் வீட்டின் பின்பக்கம் ஒரு சன்ரூம், அதாவது வெயில் காயக் கண்ணாடி அறை, போட வேண்டும். பிரீஃபேப் வகை. சட்டங்களையும் கண்ணாடியையும் பட்டறையிலேயே அளவுக்கு வெட்டிக் கொண்டுவந்து, வீட்டோடு சேர்த்து நிறுத்திவிட்டுப் போவார்கள்.

சாட்ஸ்வொர்த் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை ஏன் வந்தது என்று புரியும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து கிளப்பிய இந்தியக் குடும்பங்களுக்காக, 1960களில் மலைச்சரிவுகளில் கவுன்சில் வரிசையாகக் கட்டிய வீடுகள் இவை. அறையும் சிறியது, ஜன்னலும் சிறியது. அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் வெளியே நல்ல வெயில் அடிக்கும், உள்ளே சுவர் சில்லென்று இருக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி. காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, வெயில் நகர நகர அவரும் முற்றத்தில் நகர்ந்துகொண்டே இருப்பார். தென்மேற்குக் காற்று வீசும் நாளில் அதுவும் முடியாது.

விலை விசாரித்தது சிங்கப்பூரில் இருந்தபடியே, வாட்ஸ்அப்பில். ஒரு கம்பெனி நீளமும் அகலமும் மட்டும் கேட்டது, உடனே விலையும் சொல்லிவிட்டது. "பிளான் எல்லாம் தேவையில்லை மேடம், இது கிரீன்ஹவுஸ் மாதிரிதான்" என்றார் விற்பனையாளர், செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகையைச் சொல்கிறார். அவர் எதை வைத்துச் சொன்னார் என்று தேடிப் பார்த்தேன். 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் கட்டடச் சட்டத்தில் சிறு கட்டட வேலைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. கோழிக்கூடு, கருவிக் கொட்டகை, 15 சதுர மீட்டருக்கு மேற்படாத கிரீன்ஹவுஸ் எல்லாம் அதில் வருகின்றன. அவற்றுக்கு முழு பிளான் கொடுப்பதிலிருந்து விலக்கு கிடைக்கலாம், ஆனால் அதற்கும் கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி, சமையலறையிலிருந்து கதவைத் திறந்து போய் மனிதர்கள் உட்காரும் அறை கிரீன்ஹவுஸ் ஆகாது. பிளான் பாஸ் ஆகாமல் கட்டினால் வீட்டை விற்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டிக்கொள்வது அம்மா, சன்ரூம் விற்ற கம்பெனி அல்ல. அந்தக் கம்பெனியை அங்கேயே விட்டுவிட்டேன்.

இன்னொருவர் விலையே சொல்லவில்லை. நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்று தங்கையிடம் நாள் கேட்டு வந்தார். வடக்கு எந்தப் பக்கம், எல்லைச் சுவர் எவ்வளவு தூரம், கழிவுநீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது, பழைய பிளான் கையில் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். நாங்கள் அறை போட நினைத்த இடத்தின் ஓரத்தில் ஒரு மேன்ஹோல் மூடி, பூந்தொட்டிகளுக்கு அடியில். அதன் மேல் கட்ட முடியாது என்று அறையை அப்போதே தள்ளி அளந்தார். அவருடைய விலை அதிகம். வேலையை அவருக்கே கொடுத்தோம்.

பிளான் வேலையை நான் ஊருக்குப் போவதற்குப் பல மாதம் முன்பே தங்கை தொடங்கிவிட்டாள். இதைத்தான் எல்லாருக்கும் அழுத்திச் சொல்வேன். சாகாப் என்ற கட்டடக் கலைஞர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் பிளான் வரைந்து கொடுக்கலாம். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடமென்றால் நகராட்சி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த 30 நாளுக்கு முன்னால்தான் நிறைய வேலை. அப்பா காலத்தில் சமையலறையை நீட்டியது பழைய பிளானிலேயே இல்லை, அதையும் சேர்த்து வரைய வேண்டியிருந்தது. அப்புறம் கண்ணாடிக் கணக்கு. 2011இல் வந்த எரிசக்தி விதிப்படி, ஜன்னல் பரப்பு அந்தத் தளத்தின் தரைப்பரப்பில் 15 சதவீதத்தைத் தாண்டினால் நிழல், கண்ணாடி வகை எல்லாவற்றையும் தனியாகக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். சன்ரூம் போட்டால் தாண்டாமல் இருக்குமா? அந்தக் கணக்குக்குத் தனிக் கட்டணம். அனுமதி கிடைத்த பிறகு 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். விடுமுறையில் வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. காகித வேலை ஊரில் இருப்பவரிடம், கட்டும் நேரத்தில் நாம் என்று பிரித்துக்கொண்டால் நடக்கும்.

இனி கூரை. கம்பெனியின் படங்களில் எல்லாம் மேலேயும் கண்ணாடிதான், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கிட்டத்தட்ட 30 பாகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் வடக்கே சுமார் 37 பாகை உயரத்தில்தான் நிற்கும். டிசம்பரில் 83 பாகைக்கு மேலே, ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக. அதாவது அம்மாவுக்கு வேண்டிய குளிர்கால வெயில் வடக்குச் சுவர் வழியாகச் சாய்ந்து உள்ளே வரும். வேண்டாத கோடை வெயில் கூரை வழியாக இறங்கும். வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேலே இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த பேனல், முன்னால் கொஞ்சம் நீட்டிய இறவாணம் என்று முடிவு செய்தோம். பிப்ரவரிப் புழுக்கத்தில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வயதானவரை உட்கார வைப்பது கொடுமை. பாலிகார்பனேட்டும் பார்த்தோம். விலை குறைவு, ஆனால் மழை பெய்தால் பேச முடியாது. வெயிலுக்கு நீளவும் செய்யும். 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி வித்தியாசத்தில் 8 மில்லிமீட்டர் வரை நீளும். திருகு ஓட்டையைத் தளர்வாகப் போடாவிட்டால் நெளிந்து ஒழுகும். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி நெளிந்த ஷீட்டைப் பார்த்தேன்.

நான் போய்ச் சேர்ந்த வாரத்தில் தளம் போட்டார்கள். 2022 ஏப்ரல் மழையில் சாட்ஸ்வொர்த்தில் எத்தனை சரிவுகள் இறங்கின என்பது எங்கள் பக்கம் யாருக்கும் மறக்காது. அதனால் சரிவை வெட்டாமல், தண்ணீர் அறைக்கு வெளியே வடிந்து போகும்படி வாய்க்கால் எடுத்த பிறகே கான்கிரீட். ஒரு வாரம் நனைத்து வைத்து, அதன்மேல் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர். ஈஸ்டர் வந்ததால் நடுவில் வேலை நின்றது. அங்கே மாரியம்மன் திருவிழாவும் ஈஸ்டரில்தான், பெரிய வெள்ளியன்று நாங்களும் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டோம்.

கடைசி அளவு எடுத்தது சிறு சுவர் எழும்பிய பிறகுதான். பழைய வீட்டுச் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், மேலிருந்து கீழே வருவதற்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் சாய்வு. முன்கூட்டியே வெட்டி வரும் சட்டத்துக்கு அது பெரிய வித்தியாசம். வாட்ஸ்அப் அளவை நம்பி வெட்டியிருந்தால் அந்த இடைவெளி முழுவதையும் சிலிகோன் பசையால்தான் அடைத்திருப்பார்கள்.

சட்டம் நிறுத்தும் வேலை சீக்கிரமே முடிந்தது. பக்கி என்று அங்கே சொல்லும் பிக்கப் வண்டியில் காலையில் கொண்டுவந்து இறக்கினார்கள், மறுநாள் மாலை அறை நின்றது. பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம், ஸ்டெயின்லெஸ் திருகுகள். கடல் காற்றில் சாதாரண இரும்புத் திருகு அலுமினியத்தையும் சேர்த்து அரித்துவிடும். கண்ணாடி 6.38 மில்லிமீட்டர் லேமினேட்டட், உடைந்தாலும் துண்டு நடுவில் உள்ள படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாதுகாப்புக் கண்ணாடியென்றால் ஒவ்வொரு பலகையிலும் அழியாத முத்திரை இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன், இருந்தது. திறக்கும் ஜன்னல்களுக்குக் கம்பியும் கேட்டு வாங்கினோம். திருட்டு பயம் ஒரு பக்கம், சில்வர்கிளென் காட்டுப் பக்கத்திலிருந்து வரும் வெர்வெட் குரங்குகள் ஒரு பக்கம்.

முதல் மழையிலேயே வீட்டுச் சுவரும் புதுக் கூரையும் சேரும் இடத்தில் தண்ணீர் கசிந்தது. இந்த மாதிரி அறைகளில் எல்லாச் சிக்கலும் அந்த ஒரு கோட்டில்தான் இருக்கிறது. போன் செய்ததும் மேஸ்திரி மறுநாளே வந்தார். சுலு இனத்தவர், வயதில் பெரியவர், தங்கை அவரை பாபா, அதாவது அப்பா, என்றுதான் கூப்பிடுவாள். அந்த இணைப்பை மூடும் தகரப் பட்டையைக் கழற்றி எனக்கே காட்டினார். அவருடைய ஆட்கள் பட்டையைப் பூச்சுக்குள் மட்டும் செருகியிருந்தார்கள், செங்கல் வரை போகவில்லை. பழைய பூச்சு தண்ணீரை உறிஞ்சி உள்ளே இறக்கிவிட்டது. செங்கல்லில் காடி வெட்டி, பட்டையை உள்ளே மடித்து, மேலே பூசினார். பிறகு என்னைக் குழாயை எடுத்துவரச் சொல்லி, சுவரில் அரைமணி நேரம் தண்ணீர் அடிக்க வைத்தார். சொட்டு இறங்கவில்லை. எனக்குச் சேவை என்றால் அதுதான். விலைப்பட்டியலில் அந்த வேலைக்கு ஒரு வரிகூட இல்லை.

பணம் பற்றிச் சுருக்கமாக: சொல்லும் விலையில் 15 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். முன்பணமாக முழுத்தொகையும் கொடுக்காதீர்கள். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் பழுது பார்க்கவோ மாற்றவோ பணத்தைத் திருப்பவோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அறைக்குள் விளக்கும் இரண்டு பிளக் பாயின்ட்டும் போட்டதற்கு, பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடமிருந்து வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சிஓசி சான்று வாங்கினோம். நான் சிங்கப்பூர் திரும்பிய பிறகு, குடியிருக்கலாம் என்ற சான்றுக்குத் தங்கை விண்ணப்பித்தாள். கடைசித் தவணை அந்தச் சான்று கைக்கு வந்த பிறகே என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம், அப்படியே கொடுத்தோம்.